ஊறல்

பழத்தைச் சாராயத்தில் ஊறப்போடுகிறவன் எதையாவது உண்டாக்குகிறானா? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 'என்னுடையது' என்ற சொல்லை நாம் எந்த உரிமையில் வாயில் எடுக்கிறோம் என்று விசாரிக்கத் தொடங்கினால், இதைவிடச் சங்கடமான உதாரணம் கிடைப்பது அரிது. பழம் மரத்தினுடையது. சாராயம் எங்கோ ஒரு ஆலையில் வடிக்கப்பட்டு, வரி கட்டப்பட்டு, கடைக்கு வந்தது. சர்க்கரையும் கடைச் சரக்குதான். மூன்றையும் ஒரு ஜாடியில் இட்டு மூடிவைத்தவன், ஒரு வருஷம் கழித்து அதைக் கிண்ணத்தில் ஊற்றி 'நான் செய்தது' என்று நீட்டுகிறான். வாங்கிக் குடிக்கிறவரும் 'நீங்கள் செய்ததா!' என்று வியக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் அவன் செய்தது எந்தப் பகுதி என்று கேட்டால் இருவராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

இந்தப் பழக்கம் பல நாடுகளில் உண்டு. இங்கிலாந்தில் காட்டுப் பழத்தை ஜின்னில் போடுகிறார்கள். இத்தாலியில் முற்றாத அக்ரூட் காயை. போலந்தில் கைக்குக் கிடைக்கும் எல்லாப் பழத்தையும். நான் ஜப்பானை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே அரசாங்கமே இந்தக் கேள்விக்கு எண்களில் பதில் சொல்ல நேர்ந்திருக்கிறது என்பதுதான். தத்துவவாதிகள் தயங்கும் இடத்தில் வரி அதிகாரிகள் தயங்குவதில்லை.

*

டோக்கியோவுக்கு வெளியே ஒரு வீட்டில் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. ஜூன் மாதம். விடாத தூறல். அந்த மழைக்காலத்தின் பெயரையே 'உமெ மழை' என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்களால் எழுதுகிறார்கள். உமெயை ஆங்கிலத்தில் பிளம் என்று சொல்லிவிடுவது வழக்கம்; உண்மையில் அது ஆப்ரிகாட்டுக்கு நெருங்கிய உறவு. பச்சையாகத் தின்பதற்கில்லை. அதனால் ஒன்று உப்புக்குப் போகிறது, இல்லையென்றால் சாராயத்துக்கு. சாராயத்துக்குப் போன உமெயின் பெயர் உமெஷு. 1697ல் வெளிவந்த ஓர் உணவு நூலிலேயே அது பற்றிய குறிப்பு இருக்கிறது.

வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது தாண்டியிருக்கும். அவருடைய மகள் எங்களுக்கிடையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். அம்மாள் ஒரு கிலோ உமெயைத் தரையில் பரப்பி, அடிபட்டதை ஒதுக்கி, கழுவி, ஒவ்வொரு காயாகத் துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு மூங்கில் குச்சியின் நுனியால் ஒவ்வொன்றின் காம்படியிலும் ஒட்டியிருந்த கறுப்புத் துணுக்கை நெம்பி எடுத்தார். அது உள்ளே போனால் கசக்குமாம். ஜாடியில் ஒரு அடுக்குக் காய், ஒரு அடுக்குக் கற்கண்டு என்று நிரப்பினார். மேலே 35 சதம் வீரியமுள்ள, தனக்கென்று ருசியில்லாத வெள்ளைச் சாராயம், 1.8 லிட்டர். மூடியை இறுக்கினார். வேலை முடிந்தது.

கற்கண்டு ஏன், சர்க்கரை போதாதா என்று கேட்டேன். கற்கண்டு மெதுவாகக் கரையும், அதற்காகத்தான் என்றார். அதன் காரணத்தைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதல் நாட்களில் ஜாடியில் இனிப்பு குறைவு. சாராயம் தாராளமாகக் காய்க்குள் இறங்கி அதன் சாரத்தைத் தன்னில் ஏற்றுக்கொள்கிறது. கற்கண்டு கரையக் கரைய வெளியே இனிப்பு கனத்து, உள்ளே போன திரவத்தைத் திரும்ப வெளியே இழுக்கிறது. சர்க்கரையைப் போட்டு ஒரேயடியாகக் கரைத்துவிட்டால், காய் எதையும் வாங்குவதற்கு முன்பே இழந்து சுருங்கிவிடும். அதாவது முதலில் உள்ளே போகவேண்டும், பிறகு வெளியே வரவேண்டும். வரிசை மாறினால் காரியம் கெட்டது.

இன்னொன்று. பச்சை உமெயில், முக்கியமாகக் கொட்டைப் பருப்பில், அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. அது உடையும்போது சயனைட் விஷம் பிறக்கிறது. பச்சைக் காயைத் தின்னக் குழந்தைகளை விடாததற்குக் காரணம் இதுவே. ஆனால் அதே உடைப்பில்தான் பென்ஸால்டிஹைட் என்ற வாசனையும் பிறக்கிறது. உமெஷுவைக் கிண்ணத்தில் ஊற்றியதும் வாதாம்பருப்பு போல ஒரு மணம் எழுகிறதே, அதில் அதற்கும் பங்கு உண்டு. ஜாடிக்குள் உண்டாகும் விஷத்தின் அளவு மிகச் சொற்பம். குடிப்பவரை அது வாட்டுவதில்லை. இருந்தாலும், விஷமும் வாசனையும் ஒரே பிளவின் இரண்டு பாதிகள் என்பதை அறிந்த பிறகு அந்த மணத்தை முன்போல் அப்பாவித்தனமாக முகர முடியவில்லை.

மூன்று மாதத்தில் குடிக்கலாம், ஒரு வருஷம் விட்டால் நன்று என்றார். அதுவரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எப்போதாவது ஜாடியைச் சற்று ஆட்டிவைப்பேன், மற்றபடி ஒன்றும் செய்யமாட்டேன் என்றார்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் செய்ததா?

*

ஜப்பானியச் சட்டம் இதற்கு ஆம் என்கிறது. எந்தச் சந்தர்ப்பத்தில் என்பது முக்கியம்.

1899ல் அந்த நாட்டு அரசாங்கம் வீடுகளில் மது வடிப்பதைத் தடை செய்தது. அதுவரை கிராமத்து வீடுகளில் அரிசியை நொதிக்கவிட்டு, வடிகட்டாமல், கலங்கலாகக் குடித்துவந்தார்கள். அதன் பெயர் டோபுரோக்கு. தடைக்கு ஒழுக்கம் காரணமல்ல. ராணுவச் செலவு ஏறிக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டுகளில் மது வரி நிலவரியையும் மிஞ்சி, நாட்டின் முதல் வரியாக ஆகிவிட்டிருந்தது. வீட்டு அடுப்படியில் பிறக்கும் ஒவ்வொரு குடமும் கஜானாவுக்கு நஷ்டம். டோபுரோக்கோடு, வீட்டில் உமெ ஊறப்போடுவதும் சட்டத்தின் கண்ணில் மது தயாரிப்பாகவே கணக்கானது. ஜனங்கள் அதைப்பற்றிக் கவலைப்படாமல் ஊறப்போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1962ல் சட்டம் இறங்கிவந்தது. சொந்த உபயோகத்துக்காக ஊறப்போடுவது இனி தயாரிப்பாகாது என்றது.

அனுமதியின் நிபந்தனைகள்தான் கவனத்துக்குரியவை. ஊறப்போடும் சாராயம் ஏற்கெனவே வரி கட்டியதாக இருக்கவேண்டும். அதன் வீரியம் 20 சதத்துக்குக் குறையக் கூடாது. அரிசி, பார்லி போன்ற தானியங்களையும் திராட்சையையும் போடக்கூடாது. ஜாடிக்குள் புதிதாக 1 சதமோ அதற்கு மேலோ மது நொதித்து உண்டாகக் கூடாது. செய்ததை விற்கக் கூடாது.

20 என்ற எண் அதிகாரியின் மனம்போன போக்கில் வந்ததல்ல. பழத்தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் குடியிருக்கிறது. வீரியம் குறைந்த மதுவில் அது பிழைத்து, பழத்தின் இனிப்பைத் தின்று, புதிய மதுவைப் பிறப்பிக்கும். 20 சதத்துக்கு மேல் அது பிழைக்காது. திராட்சைக்குத் தடையும் இதனால்தான். அது தானாகவே மதுவாக மாறத் துடிக்கும் பழம். 2007ல் ஒரு தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியில், சமையலுக்குப் பயன்படும் மிரின் என்ற இனிப்பு மதுவில் உமெ ஊறப்போடும் முறையைக் காட்டிவிட்டார்கள். மிரினின் வீரியம் 14 சதம் அளவில்தான். சட்டப்படி அது குற்றம் என்று தெரிந்ததும் நிகழ்ச்சிக்காரர்கள் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம், 2008ல், விடுதிகளும் மதுக்கடைகளும் தங்கள் இடத்திலேயே ஊறப்போட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்க வரம்புக்குட்பட்ட அனுமதி வந்தது. வீட்டுக்காரருக்கான விதி அப்படியேதான் இருக்கிறது.

ஆக, சட்டம் சொல்வது இது: நீ எதையும் பிறப்பிக்காதவரை உன் ஜாடி உன்னுடையது. ஜாடிக்குள் ஓர் உயிர் அசைந்து, முன்பு இல்லாத ஒன்று உண்டாகிவிட்டால், அந்தக் கணமே அது அரசின் விவகாரம். அனுபவிக்க அனுமதி உண்டு, சேர்க்க அனுமதி உண்டு, காத்திருக்கத் தாராளமாக அனுமதி உண்டு. பிறப்பிக்க மட்டும் இல்லை. சிருஷ்டிக்கு இதைவிடக் கறாரான வரையறையை நான் எந்த அழகியல் நூலிலும் படித்ததில்லை.

*

இந்த வரையறையை ஏற்க மறுத்த ஒருவர் இருந்தார். மயேதா தொஷிஹிகோ. நரிட்டா விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராட்டம் நடந்த சன்ரிஸுகாவில் வசித்தவர். 1981ல் டோபுரோக்கு செய்வோம் வாருங்கள் என்று அழைக்கும் புத்தகமே போட்டார். செய்தார். ஒளித்துச் செய்யவில்லை; சுவைத்துப் பார்க்கக் கூட்டம் கூட்டி ஊரறியச் செய்தார். வழக்கு வந்தது. என் சோற்றை நான் சமைப்பதுபோல என் மதுவை நான் செய்துகொள்கிறேன், விற்கவில்லை, இதில் அரசுக்கு என்ன வேலை என்பது அவர் வாதத்தின் சாரம். அரசியல் சட்டத்தின் 13வது பிரிவு தரும், தன் சந்தோஷத்தைத் தான் தேடிக்கொள்ளும் உரிமையை அவர் ஆதாரமாகக் காட்டினார். 1986ல் கீழ்க்கோர்ட்டு அபராதம் விதித்தது. 1989 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சொந்த உபயோகத்துக்கே ஆனாலும், வரி வருமானத்தைக் காப்பதற்காக அரசு அதைக் கட்டுப்படுத்தலாம் என்பது தீர்ப்பு. 2003 முதல் சில தனிப் பகுதிகளில் உழவர்கள் நடத்தும் விடுதிகளுக்கு டோபுரோக்கு செய்ய உரிமம் கொடுக்கிறார்கள். உரிமம் வாங்கிக்கொண்டு பெறும் சுதந்திரம் மயேதா கேட்ட சுதந்திரமல்ல.

மயேதாவை நினைத்துக்கொண்டு அந்த அம்மாளின் ஜாடிகளைப் பார்க்கும்போது மனம் குறுகுறுக்கிறது. அந்த அமைதி, அந்தப் பொறுமை, மூங்கில் குச்சியின் நுனியில் இருக்கும் அந்தக் கவனம் எல்லாம் உண்மை. ஆனால் அவை அனுமதிக்கப்பட்டவை. கஜானாவுக்கு ஆபத்தில்லாதவை என்று கணக்குப் பார்த்து விட்டுவைக்கப்பட்டவை. ஒரு காரியம் யாரையும் தொந்தரவு செய்யாது என்பதற்காகவே அனுமதிக்கப்படுகிறது என்றால், அதில் நாம் காட்டும் சிரத்தைக்கு என்ன மதிப்பு? பொறுமை ஒரு நற்பண்பா, அல்லது வேறு எதுவும் செய்யவிடாத இடத்தில் நாம் அணிந்துகொள்ளும் அலங்காரமா?

*

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததும் சொல்லே காலை வாரிவிட்டது. 'ஊறல்' என்றால் நம் செய்தித்தாள்களில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு, காய்ச்சுவதற்கு முன் மலைச்சரிவில் புதைத்துவைத்த பானை. போலீஸார் கவிழ்த்து அழிக்கும் பொருள். ரசாயனப்படி அது ஊறுவதல்ல, நொதிப்பது. ஜப்பானியச் சட்டம் மயிரிழையில் பிரித்துவைத்த இரண்டையும் நம் பாஷை ஒரே சொல்லில் போட்டுக் கலக்கிவைத்திருக்கிறது. ஊறுகாயும் அதே வேரில்தான், ஊற்றும் அதே வேரில்தான். 'ஊறு' என்று நிறுத்தினால் தீங்கு. பழைய தமிழில் தொடு உணர்ச்சிக்கும் அதுவே பெயர். ஒன்றில் ஒன்று தோய்ந்திருந்தால் ஏதோ ஒன்று சுரந்தே தீரும், அது நல்லதாகவும் இருக்கலாம், நாசமாகவும் இருக்கலாம் என்று நம்பிய ஒரு பாஷை இது.

இந்த நம்பிக்கை நம்முடைய எழுத்தில் இருக்கிறதா என்பது என் சந்தேகம். 1959ல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்து சோதனை என்ற சொல்லைச் சிறுபத்திரிகைகளில் நாம் புழங்கிவருகிறோம். சோதனை என்று நாம் அச்சிட்டதில் எவ்வளவு ஊறப்போட்டது, எவ்வளவு நொதித்தது? வேறெங்கோ வடிக்கப்பட்டு, அங்கேயே வரி கட்டப்பட்டு, வீரியம் முத்திரை குத்தி வந்த ஸ்பிரிட். அதில் நம் ஊர்க் காய் இரண்டு. ஒருநாள் விட்டு எடுத்து, இது நம்முடையது என்று நீட்டினோம். அந்த வீரியத்தில் நம் காயின் தோலில் குடியிருந்த ஈஸ்ட் செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. காய் மட்டும் நிறம் மாறாமல் ஜாடிக்குள் மிதந்தது. மண்வாசனை என்று அதையும் பாராட்டினோம்.

உடனே எதிர்ப் பக்கத்து நண்பர்கள் குதூகலிக்க வேண்டாம். அந்நிய ஸ்பிரிட் கூடாது, நம் பானையில் நாமே நொதிக்கவைப்போம் என்பவர்களின் பானையையும் முகர்ந்து பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்துவிட்டால் நொதித்துவிடும் என்று நினைப்பவர்கள் அவர்கள். பானையைத் திறந்து வைத்தால் புளிக்கவும் செய்யும், பூஞ்சணமும் பூக்கும். டோபுரோக்கு செய்தவர்களுக்கு அரிசியின் பதமும் சூடும் நாளும் தெரிந்திருந்தது. உயிருள்ளதை வளர்ப்பதற்கு, செத்ததைப் பாதுகாப்பதைவிடப் பல மடங்கு கவனம் வேண்டும். மயேதாவின் துணிச்சல் மட்டும் போதாது. அவருடைய பானையில் இருந்தது குடிக்கத் தகுந்ததாகவும் இருக்கவேண்டும்.

எனவே ஊறப்போடுவது தாழ்வு, நொதிக்கவைப்பது உயர்வு என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரு கேள்வி பொது. சட்டம் 20 என்று எண்ணுகிறது, 1 என்று எண்ணுகிறது. நாட்களை எண்ணுவதில்லை. எத்தனை நாள் வைக்கவேண்டும், எப்போது எடுக்கவேண்டும் என்பதில் சட்டத்துக்கு அக்கறையில்லை. அதில் வரி இல்லை. செய்கிறவனுடையது என்று சொல்லத் தகுந்தது ஏதாவது இருந்தால் அது அங்கேதான் இருக்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

*

அந்த வீட்டுச் சமையலறையின் தரையில் ஒரு பலகை. அதைத் தூக்கினால் கீழே குளிர்ந்த பள்ளத்தில் ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதச் சீட்டு: வருஷம், காயின் எடை, கற்கண்டின் எடை. வேறு ஒன்றுமில்லை. வரிசையாகப் பார்த்தால், ஒரு வருஷம் கற்கண்டு பாதியாகியிருக்கிறது; இன்னொரு வருஷம் காய் சற்றுக் கூடியிருக்கிறது. ஒரு வருஷத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாராம். இரண்டை மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று தெரியாது என்றார். வருஷத்துக்கு ஒரு மாற்றம். அதன் பலன் தெரிய இன்னொரு வருஷம். ஒரு ஆயுளில் இப்படி எத்தனை சோதனை செய்துவிட முடியும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அவரும் போட்டிருப்பார்.

ஓரத்தில் ஒரு சின்ன ஜாடி மஞ்சளாக இருந்தது. அது உமெ அல்ல, யுஸு. எலுமிச்சைச் சாதி; தோலில்தான் வாசனை. தோலை ஒரு வாரம், பத்து நாளில் எடுத்துவிட வேண்டும். விட்டால் உள்பக்கத்து வெள்ளைச் சதையின் கசப்பெல்லாம் இறங்கிவிடும். உமெ ஒரு வருஷம் கேட்கிறது, யுஸு ஒரு வாரத்தில் போதும் என்கிறது. காத்திருப்பது என்ற ஒரே சொல்லால் நாம் குறிக்கும் காரியம் ஒவ்வொரு பழத்துக்கும் வேறாக இருக்கிறது. வெறுமனே பொறுத்திருப்பவனுக்கு யுஸு கைகூடாது. பொறுமையும் ஒரு அஜாக்கிரதையாக மாறும் நாள் ஒன்று உண்டு. அது எந்த நாள் என்று அறிந்திருப்பதுதான் வித்தை.

அந்த நாளை அவர் தவறவிட்டிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். மூன்று மாதம் கழித்து ஜாடி ஞாபகம் வந்திருக்கிறது. மகள் மொழிபெயர்த்துவிட்டு, தன் பங்குக்கு, அம்மா அதை ஊற்றிவிடவும் மாட்டாள், குடிக்கவும் மாட்டாள் என்று சிரித்தாள்.

ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கணவர் நினைவு, ஞாபகார்த்தம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நம் கதைகளில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொன்னது வேறு: "கசப்புதான். ஆனால் எதனால் கசக்கிறது என்று எனக்குத் தெரியும். எதனால் என்று தெரியாமல் நன்றாக வந்த ஜாடிகளும் இங்கே இருக்கின்றன. அவற்றால் எனக்குப் பிரயோஜனமில்லை."

நான் மயேதாவின் பக்கமா, இந்த அம்மாளின் பக்கமா என்று அன்றைக்கும் முடிவு செய்யவில்லை, இன்றைக்கும் இல்லை. அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் நின்று எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், எல்லையை வரைந்தது யார் என்ற கேள்வி தீராது. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டதாலேயே பானையில் உள்ளது நன்றாகிவிடாது என்பதும் தீராது. ஆனால் 'நான் செய்தது' என்று ஒருவர் சொல்லும்போது, இனி நான் கேட்க விரும்புவது என்ன போட்டாய் என்பதையல்ல. எப்போது எடுத்தாய், எடுக்கத் தவறியதை எங்கே வைத்திருக்கிறாய் என்பதைத்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை அம்மாள் அந்த ஜாடியைத் திறந்து, கசப்பு குறைந்திருக்கிறதா என்று ஒரு வாய் பார்ப்பது வழக்கமாம். அந்த வருஷத்து வாயை எனக்குக் கொடுத்தார். நாக்கின் அடிவரை கசந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காக ஏதாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "இன்னும் இல்லை," என்றேன். மகள் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. சீட்டை எடுத்து, பழைய தேதிகளுக்குக் கீழே அன்றைய தேதியை எழுதி, ஜாடியை மூடினார்.